ஹோஸ்டிங் படுத்துவிட்டால் இணையக் கடையை எப்படி ஓட்டுவது?

"சைட் திறக்கலையே" என்று வாடிக்கையாளர் யாராவது வாட்ஸ்அப்பில் கேட்கும்போதுதான் சின்ன இணையக் கடைக்காரர்கள் பலருக்கும் விஷயமே தெரியவரும். உடனே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு (சைட் இருக்கும் சர்வர் என்ற கணினியை வாடகைக்குத் தருபவர்கள்) போன், சாட், டிக்கெட் எனும் புகார்ப் பதிவு என்று ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்காக எதுவும் நடந்திருக்காது. சர்வரைத் தூக்கி நிறுத்துவது அவர்கள் வேலை. நீங்கள் பத்து முறை கேட்டாலும் அது சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் ஆர்டர் எடுப்பது, பணம் வாங்குவது, பார்சல் கட்டுவது எல்லாம் சைட் இல்லாமலும் நடக்கும். அப்படி நடக்க வேண்டுமானால், சில விஷயங்கள் மட்டும் முன்கூட்டியே அந்த ஹோஸ்டிங்குக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பல சைட்கள் பங்கிட்டுக்கொள்வது) சைட் கட்டும் வேர்ட்பிரஸும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் போட்டுக் கடை நடத்துபவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஷாப்பிஃபை போன்ற இடத்தில் கடை வைத்திருந்தால் சர்வர் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம். ஆர்டர், பணம் பற்றியவை உங்களுக்கும் பொருந்தும்.

இன்றைக்கே செய்து வைக்க வேண்டியவை

முதலில் பேக்கப். ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுக்க எரிந்துபோனது, பக்கத்தில் இருந்த எஸ்பிஜி1-இல் ஒரு பகுதியும் போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டுமே இல்லாமல் போயின. ஆகவே அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற ஒரு பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டு, பேக்கப் நேராக கூகுள் டிரைவுக்கோ வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கோ போகும்படி செய்யுங்கள். டேட்டாபேஸ் தினமும் போகட்டும். படங்கள், தீம், பிளக்இன்கள் வாரம் ஒருமுறை போனால் போதும். தீபாவளி சீசனில் டேட்டாபேஸை நாளுக்கு நான்கு முறையாவது எடுப்பது நல்லது. அந்த பேக்கப்பை வேறு இடத்தில் ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரீஸ்டோர் ஆகாத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்தது டொமைன், அதாவது உங்கள் சைட்டின் முகவரிப் பெயர். ஹோஸ்டிங்கோடு டொமைன் இலவசம் என்று கொடுப்பார்கள். வாங்கும்போது மலிவுதான். ஆனால் டொமைன், டிஎன்எஸ் (அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு), சர்வர், மெயில் நான்கும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த நிறுவனம் விழும் நாளில் கடையை வேறு பக்கம் திருப்பிவிடக்கூட வழி இருக்காது. டொமைனையும் டிஎன்எஸ்ஸையும் ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொன்றிலும் வையுங்கள். டிஎன்எஸ் ரெக்கார்டுகளில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். ஒரு முகவரியை எத்தனை நொடி மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குச் சொல்லும் எண் அது. பல இடங்களில் 14400 என்று, அதாவது நான்கு மணி நேரமாக இருக்கும். அதை 300 ஆக்கிவையுங்கள். விழுந்த பிறகு மாற்றினால் பழைய நான்கு மணி நேரம் முடிந்த பிறகுதான் பலன் தெரியும்.

மெயிலையும் பிரியுங்கள். ஜோஹோ மெயிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ, எதுவானாலும் சரி. ஆர்டர் வந்ததும் வரும் அறிவிப்பு மெயில் கடை மெயிலுக்கு மட்டும் போகாமல் ஒரு தனி ஜிமெயிலுக்கும் போகட்டும். இந்தச் சின்ன அமைப்பு இருந்தால், சைட் விழுந்த நாளில் அந்த ஜிமெயில்தான் உங்கள் ஆர்டர் புத்தகம். யார், என்ன, எந்த முகவரி, எவ்வளவு பணம் என்று எல்லாமே அதில் இருக்கும்.

மாலையில் பார்சல் வேலை முடிந்ததும், அனுப்ப வேண்டிய ஆர்டர்களையும் கையிருப்பையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணை) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் முகவரியும் போன் எண்ணும் அதில் இருப்பதால், கடவுச்சொல் போட்ட இடத்தில் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்கும் பொருளல்ல அது.

கடைசியாக ஒரு மாற்றுப் பக்கம். உங்கள் டொமைனுக்கு முன்னால் "ஆர்டர்" என்று ஒரு சப்டொமைன் உருவாக்கி, அதை நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற வேறொரு இடத்தில் ஒரே ஒரு சாதாரணப் பக்கமாகப் போட்டுவிடுங்கள். கடைப் பெயர், போன் எண், வாட்ஸ்அப் லிங்க், முக்கியப் பொருள்களின் விலைப்பட்டியல், அவ்வளவு போதும். எப்போதும் அது திறந்தே இருக்கட்டும். அதன் முகவரியையும் போன் எண்ணையும் பார்சலில் வைக்கும் சீட்டிலும் அச்சடித்துவிடுங்கள். விழுந்த பிறகு பக்கம் கட்டுவது, அதன் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காத்திருப்பது என்ற அவசரமெல்லாம் இதனால் மிச்சம்.

சைட் விழுந்ததை முதலில் அறிய அப்டைம் ரோபாட் போன்ற ஒரு கண்காணிப்புச் சேவை போதும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் சொல்லும். அந்தத் தகவல் கைபேசிக்கோ ஜிமெயிலுக்கோ வர வேண்டும். விழுந்த சர்வரிலேயே இருக்கும் மெயில் முகவரியைக் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்!

விழுந்தது எது என்று பார்ப்பது

கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கடைக்கு ஒன்றுமில்லை; உங்கள் வீட்டு இணைப்பில் கோளாறு, அல்லது கடவுச்சொல்லைச் சிலமுறை தப்பாகப் போட்டதால் ஹோஸ்டிங்கின் பாதுகாப்பு அமைப்பு உங்களை மட்டும் தடுத்திருக்கிறது.

எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால் திரையில் என்ன வருகிறது என்று படியுங்கள். இப்படி ஒரு முகவரியே இல்லை என்ற மாதிரி வந்தால், டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஹோஸ்டிங்கைத் திட்டிக்கொண்டிருக்கும் சிலருக்கு உண்மையில் நடந்தது புதுப்பிக்க மறந்ததுதான். பாதுகாப்பில்லை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் சான்றிதழ் முடிந்திருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான். பிளக்இன் அப்டேட் போட்ட கையோடு 500 என்ற பிழை எண் வந்தால் அது உங்கள் கைங்கரியம். அந்த பிளக்இனின் ஃபோல்டர் பெயரை மாற்றினாலே பெரும்பாலும் சைட் எழுந்துவிடும். 508 வந்தால் உங்கள் பிளானுக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டிவிட்டீர்கள். எதுவுமே வராமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தாலோ, ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலும் திறக்காவிட்டாலோ, விழுந்தது அவர்கள்தான்.

அவர்களுடைய நிலவரப் பக்கத்தைப் பாருங்கள், ஆனால் அங்கே பச்சையாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற சேமிப்பகச் சேவை விழுந்தபோது, அதைச் சொல்ல வேண்டிய நிலவரப் பக்கமும் அதே எஸ்3-ஐ நம்பி இருந்ததால் கொஞ்ச நேரம் அங்கே எதையும் மாற்ற முடியவில்லை. ஒரே ஒரு டிக்கெட் போடுங்கள்: நேரம், டொமைன், திரையில் வந்த செய்தி. அப்புறம் அந்த ஜன்னலை மூடிவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

முதல் அரை மணி நேரம்

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இதுதான் முதல் வேலை. திறக்காத பக்கத்துக்கு ஆள் அனுப்பி ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும். போகும் இடம் வேலை செய்யவில்லை என்று கூகுள் அந்த விளம்பரத்தையே நிராகரித்துவிடவும் கூடும். சைட் வந்த பிறகு அதற்கு வேறு தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்து, வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகும் பதிலை மாற்றுங்கள். ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் அதையே போடலாம். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம். எங்கள் சைட் இன்று காலையிலிருந்து திறக்கவில்லை. கடை நடக்கிறது, பார்சல்கள் வழக்கம்போல் கிளம்பும். ஏற்கெனவே ஆர்டர் போட்டவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. புது ஆர்டருக்குப் பொருள், அளவு, முழு முகவரி, பின்கோடு இவற்றை இந்த எண்ணுக்கே அனுப்புங்கள். தொகையும் பணம் கட்டும் லிங்க்கும் அனுப்புகிறோம். பணம் கட்டியும் ஆர்டர் மெயில் வராதவர்கள் தயவுசெய்து மறுபடி கட்ட வேண்டாம். கட்டிய நேரத்தையும் தொகையையும் மட்டும் சொல்லுங்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். பணம் போய் ஆர்டர் வராதவர்தான் அன்றைக்கு அதிகம் பயந்துபோயிருப்பார். எத்தனை மணிக்குச் சரியாகும் என்று மட்டும் எழுதாதீர்கள். அது ஹோஸ்டிங்காரருக்கே தெரியாத விஷயம்.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் நெட்வொர்க் கோளாறில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போலச் சேர்ந்தே விழுந்தன. தவிர, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்று அன்றைக்கு யோசித்துப் பயனில்லை. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் முன்பே டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். வேண்டுமென்றால் இப்போதே பதிந்து வையுங்கள். இல்லையென்றால் அவசர ஆர்டர்காரர்களைப் போனில் கூப்பிடுவதுதான் வழி.

கையால் ஆர்டர் எடுப்பது

ஒரு கூகுள் ஷீட் திறந்து தேதி, நேரம், பெயர், போன், முகவரி, பொருள், தொகை, பணம் வந்த எண், அனுப்பியாச்சா என்று தலைப்புகள் போடுங்கள். வீட்டில் நெட்டும் இல்லை என்றால் நோட்டுப் புத்தகமே போதும். ஆர்டர் எண்ணை வா-1, வா-2 என்று தனி வரிசையில் கொடுங்கள். சைட்டின் எண் எங்கே நின்றது என்று ஊகித்து அதிலிருந்து தொடராதீர்கள், பின்னால் முட்டிக்கொள்ளும். ஜிஎஸ்டி பில் போடுபவர்களுக்கும் தனி வரிசை தடையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எண் தொடர்ச்சியாகவும், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாகவும், 16 எழுத்துக்குள்ளும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்துக்கு பேமென்ட் லிங்க்தான் முதல் தேர்வு. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற கேட்வேக்களின் (வாடிக்கையாளர் பணத்தை வாங்கி உங்களுக்குச் சேர்ப்பவர்கள்) டாஷ்போர்டில் தொகையைப் போட்டு லிங்க் உருவாக்கி அனுப்பலாம். அது அவர்களுடைய சர்வரில் இருப்பதால் உங்கள் ஹோஸ்டிங் விழுந்தது அதைப் பாதிக்காது. யுபிஐ க்யூஆர் அனுப்புவதானால் கடைப் பெயரில் உள்ளதையே அனுப்புங்கள். அண்ணன் பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள க்யூஆர் போனால், சைட் வேறு திறக்காத நேரத்தில், வாடிக்கையாளருக்கு மோசடியோ என்றுதான் தோன்றும். வந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பார்சல் கட்ட வேண்டாம். 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கில் அதே எண்ணுக்குப் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்டு எண்ணை யாராவது தாமாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தச் செய்தியை அழித்துவிட்டு லிங்க் அனுப்புங்கள்.

கையிருப்புதான் சிக்கலான இடம். கடலை மிட்டாய் விற்பவருக்குப் பாக்கெட் ஒன்று கூடக் குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். சின்னாளப்பட்டி சுங்குடி விற்பவருக்கு ஒரு நிறத்தில் ஒரே ஒரு சேலை இருக்கும். காலையில் அதை வாட்ஸ்அப்பில் விற்றுப் பணமும் வாங்கியிருப்பார். மதியம் சைட் எழும்போது அதன் கணக்கில் அந்தச் சேலை இன்னும் இருக்கும், சில நிமிடத்தில் இன்னொருவர் வாங்கிவிடுவார். ஆகவே வாட்ஸ்அப்பில் விற்ற ஒற்றைப் பொருளை உடனே அலமாரியிலிருந்து எடுத்துத் தனிப் பெட்டியில், வாங்கியவர் பெயர் எழுதிப் போட்டுவிடுங்கள். சைட் திரும்பியதும் கை வைக்க வேண்டிய முதல் பெட்டி அதுதான்.

நேற்றே வந்த ஆர்டர்களின் பார்சலை நிறுத்தவே கூடாது. ஜிமெயிலில் மெயில்கள் இருக்கின்றன. ஷிப்ராக்கெட் போன்ற கூரியர் பேனலோடு கடையை இணைத்திருந்தால் முன்பே போய்ச்சேர்ந்த ஆர்டர்கள் அங்கேயும் இருக்கும்; புது ஆர்டரையும் அங்கேயே கையால் சேர்த்து லேபிள் எடுக்கலாம்.

சைட்டை இடம் மாற்றுவதா, காத்திருப்பதா?

இரண்டு மூன்று மணி நேரம் வரை எதையும் தொடாதீர்கள் என்பது என் கருத்து. பதற்றத்தில் புது ஹோஸ்டிங் வாங்கி, பாதி ரீஸ்டோர் ஆகிக்கொண்டிருக்கும்போது பழைய சர்வர் எழுந்துவிட்டால், ஒரே கடைக்கு இரண்டு சைட், இரண்டு இடத்திலும் ஆர்டர் என்று ஆகிவிடும். விழுந்ததைவிட அதைச் சரிசெய்வதுதான் பெரிய தலைவலி.

அரை நாள் தாண்டியும் ஹோஸ்டிங் தரப்பில் தெளிவான பதில் இல்லை என்றால், டொமைனின் ஏ ரெக்கார்டை (பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) மட்டும் மாற்றுப் பக்கத்துக்குத் திருப்புங்கள். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்ற வேண்டாம். டாட் காம் டொமைன்களில் பழைய நேம்சர்வர் விவரம் இரண்டு நாள் வரை சிலரிடம் தங்கியிருக்கும். எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) உங்கள் டொமைன் பெயரையே காட்டுகிறதா என்றும் பாருங்கள். சிபேனல் என்ற கன்ட்ரோல் பேனலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்போது ஏ ரெக்கார்டைத் திருப்பினால் மெயிலும் கூடவே திரும்பி, வாங்க ஆளில்லாத இடத்துக்குப் போகும். அப்படியே விட்டிருந்தால் அனுப்பிய சர்வர்கள் வழக்கமாகச் சில நாள் வரை மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும். மற்றப் பக்கங்களைத் திருப்பிவிடுவதானால் 302, அதாவது தற்காலிகத் திருப்பம் மட்டும். 301 போட்டால் பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, சைட் வந்த பிறகும் பழைய வாடிக்கையாளரை மாற்றுப் பக்கத்துக்கே கொண்டுபோகும்.

டிஎன்எஸ்ஸைத் தனியாக வைத்துவிட்டோம் என்பதாலும் எல்லாம் முடிந்துவிடாது. 2025 நவம்பர் 18 அன்று, டிஎன்எஸ் சேவையும் தரும் கிளவுட்ஃபிளேரே விழுந்தபோது, அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று நினைத்த பலரால் அதன் டாஷ்போர்டுக்குள் நுழையவே முடியவில்லை. போன் எண்ணைப் பார்சலில் அச்சடிக்கச் சொல்வது அதனால்தான்.

எழுந்த பிறகு

சைட் வந்ததும் விளம்பரத்தை உடனே திறந்துவிடாதீர்கள். முதலில் கையிருப்பு, வாட்ஸ்அப்பில் விற்றதைக் கழியுங்கள். நீங்களே விலை குறைந்த ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். பணம் போகிறதா, ஆர்டர் மெயில் வருகிறதா, கேட்வேயில் பதிவாகிறதா என்று மூன்றையும் பார்த்தால்தான் கடை திறந்ததாக அர்த்தம்.

இப்போதுதான் பணக் கணக்கு. சர்வர் விழும் தருணத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தேடுங்கள். அவர்கள் பணத்தைக் கேட்வே வாங்கியிருக்கும், ஆனால் "பணம் வந்துவிட்டது" என்று அது அனுப்பிய வெப்ஹூக் செய்தியை வாங்க உங்கள் சர்வர் இருந்திருக்காது. வூகாமர்ஸில் அந்த ஆர்டர் "பணம் நிலுவை" என்றே நிற்கும். ஸ்டாக் கணக்கு வைக்கும் வசதி ஓடினால் நிலைமை இன்னும் மோசம்: பணம் வராத ஆர்டரை 60 நிமிடத்தில் ரத்து செய் என்பதுதான் அதில் இயல்பாக உள்ள அமைப்பு. ஆகவே சைட் எழுந்த கையோடு, பணம் கட்டியவரின் ஆர்டரை அதுவே ரத்து செய்து பொருளை மறுபடி விற்பனைக்கு வைத்துவிடும். ரத்தானவை பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால் வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்வரை இது தெரியாது.

கேட்வே டாஷ்போர்டில் அன்றைய பரிவர்த்தனைகளை இறக்கி, சைட்டின் ஆர்டர் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, எழுந்து ஒரு மணி நேரம் பின்வரை. பணம் இருந்து ஆர்டர் ரத்தாகியிருந்தால், பொருள் இருக்கிறதா என்று பார்த்து நிலையை "பிராசஸிங்" என்று மாற்றுங்கள். ஒருவரே பதற்றத்தில் இரண்டு முறை கட்டியிருந்தால், அவர் கேட்கும் முன்பே ஒன்றைத் திருப்பி அனுப்பி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "ஆத்தரைஸ்டு" (வங்கி அனுமதித்தும் இன்னும் உங்கள் பக்கம் எடுக்கப்படாதவை) என்று மட்டும் நிற்கும் தொகைகளையும் கவனியுங்கள். குறித்த நாளுக்குள் நீங்கள் அதை டாஷ்போர்டில் "கேப்சர்" செய்து எடுத்துக்கொள்ளாவிட்டால் பணம் வாடிக்கையாளருக்கே திரும்பிப் போய்விடும், நீங்கள் பார்சலை அனுப்பியிருப்பீர்கள். வெப்ஹூக் இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நெடுநேரம் பதில் வராவிட்டால் அதை அணைத்தே வைத்துவிடும் கேட்வேக்கள் உண்டு.

வங்கியில் பணம் கழிந்தும் கேட்வேக்கே வந்து சேரவில்லை என்றால், அது உங்களிடமும் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்து வணிகருக்கு உறுதி கிடைக்காத யுபிஐ தொகை பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

ஹோஸ்டிங்காரர் பழைய பேக்கப்பிலிருந்து சைட்டை எழுப்பியிருந்தால் வேலை இரட்டிப்பு. நேற்று இரவு எடுத்த பேக்கப் என்றால் இன்று காலை வந்த ஆர்டர்கள் சைட்டில் இருக்காது. அது மட்டுமல்ல, புது ஆர்டர்கள் அந்தத் தொலைந்த எண்களையே மறுபடி எடுத்துக்கொள்ளும். 4512 என்ற எண்ணில் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் ஆர்டர் போட்டிருப்பார்கள், இருவரிடமும் மெயில் இருக்கும். ஜிமெயிலில் உள்ள அறிவிப்பு மெயில்களைப் பார்த்துத் தொலைந்தவற்றைக் கையால் சேருங்கள். பழைய எண்ணை ஆர்டர் குறிப்பில் எழுதி, சம்பந்தப்பட்டவருக்குப் புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். இதை முடிக்கும்வரை சைட்டை பராமரிப்பு நிலையில் வைத்திருப்பது நல்லது. அந்த நிலையில் வேர்ட்பிரஸ் 503 என்ற குறியீட்டை அனுப்பும். தற்காலிகமாக மூடியிருக்கிறது என்று கூகுள் அதைப் புரிந்துகொள்ளும். சில மணி நேரத்துக்கு அதனால் தேடலில் பாதிப்பு வராது. நாள்கணக்கில் விட்டால்தான் பக்கங்களைப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கும்.

எல்லாம் ஓய்ந்ததும் ஹோஸ்டிங் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதி கொடுத்திருப்பார்கள். கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் விழுந்தால்கூட அந்த உறுதி மீறப்பட்டதாகாது. அதற்கு மேல் போனால் இழப்பீடு கேட்கலாம். பெரும்பாலும் நீங்களாகக் கேட்டால்தான் தருவார்கள், அதற்குக் கெடு நாளும் இருக்கும், கிடைப்பதும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பங்குதான்; போன வியாபாரத்துக்கு அல்ல. கண்காணிப்புச் சேவை அனுப்பிய "விழுந்தது", "எழுந்தது" மெயில்கள் இரண்டையும் இணைத்து டிக்கெட் போடுங்கள். இழப்பீடு எவ்வளவு என்பதைவிட, எதனால் விழுந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலில் சாரம் இருக்கிறதா, இல்லை வெறும் வருத்தம் மட்டும்தானா என்று பார்த்தால், அடுத்த புதுப்பிப்புக்கு அங்கேயே பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.